அறுபத்து நான்கு உருண்டைகள்

சுவரில் தொங்கும் புனித நிக்கோலாவின் படத்துக்கு, பெல்கிரேடிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி எண்ணூறு யூரோ சொன்னார். காப்பி ஆறுவதற்குள் ஆயிரத்து நூறு என்றார். தேஸான்கா எழுந்து போய் அவருடைய தொப்பியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். நாலு தலைமுறையாக வீட்டைக் காக்கிற படம். அதற்கு விலை கிடையாது என்பது அவள் கட்சி.

வெளி ஆட்களுக்குத்தான் விலை கிடையாது. மூத்த மருமகள் நெவென்காவிடம் விலையைக் கறாராகச் சொல்லியிருந்தாள். ஒரு தட்டு சாக்லேட் உருண்டை.

"படம் ஒண்ணு, பிள்ளைங்க ரெண்டு பேர்" என்றாள் தேஸான்கா. "அவங்க அப்பா போயிட்டாரு. இனிமே ஸ்லாவா யார் வீட்டுல நடக்கணும்னு நான்தான் சொல்லணும். இந்த வருஷம் படத்தை உன் வீட்டுல மாட்டி நடத்திப் பாரு. சரியா இருந்தா படம் உன் சுவர்லயே இருக்கட்டும்."

"மீன் நல்லாப் பொரிப்பேன், அத்தை."

"மீனை யார் வேணாலும் பொரிக்கலாம். நான் உருண்டையை வச்சுத்தான் முடிவு பண்ணுவேன். அது அடுப்புக்குள்ள போகாத பலகாரம். கெட்டுப்போச்சுன்னா அடுப்பு மேல பழி போட முடியாது. கை மேலதான் போடணும்."

ஸ்லாவா என்பது வீட்டுப் புனிதரின் நாள். புனித நிக்கோலாவுக்கு அது டிசம்பர் பத்தொன்பது. ஜனவரி ஏழாம் தேதிக் கிறிஸ்துமஸுக்கான நோன்பின் நடுவில் வருகிற நாள் என்பதால் மேஜையில் மீன் இருக்கலாம். பால், வெண்ணெய், முட்டை வாசனைகூட இருக்கக் கூடாது. யாரையும் அழைக்க மாட்டார்கள். வருகிறவர்கள் வருவார்கள். வந்தவர்கள் முதலில் தட்டைத்தான் பார்ப்பார்கள்.

நெவென்கா தவறினால் படம் அவளுடைய ஓரகத்தி பெர்ஸிதாவின் வீட்டுக்குப் போகும். பெர்ஸிதா ஏற்கெனவே ஆணி அடித்துவிட்டாள். ஆணியைக் கைப்பேசியில் படம் பிடித்து, 'சும்மா அடிச்சு வச்சேன் அக்கா' என்று அனுப்பியும் இருந்தாள்.

பதினெட்டாம் தேதி மத்தியானம் இரண்டு மணிக்கு நெவென்காவின் பால்கனியில் இரண்டு தட்டுகளில் அறுபத்து நான்கு உருண்டைகள் குளிரில் இறுகிக்கொண்டிருந்தன. பிஸ்கட் பொடி, இடித்த அக்ரூட், தாவரக் கொழுப்பான மார்கரின், பிளம் ஜாம், இரண்டு மூடி ரம். உருட்டி, முள்கரண்டியில் ஏந்தி, உருக்கிய கறுப்புச் சாக்லேட்டில் முக்கி எடுத்தவை. வால்யெவோ தபால் நிலையத்தில் பத்தொன்பது வருஷம் முத்திரை குத்திய கை. எல்லாம் ஒரே அளவு.

குப்பையைக் கட்டும்போதுதான் அவள் பொட்டலங்களைப் பார்த்தாள். காலியான பிஸ்கட் பொடிப் பொட்டலம் இரண்டு. ஒன்றில், நோன்புக்கு ஏற்றது என்பதற்கு அடையாளமாக ஒரு பச்சை இலை இருந்தது. இன்னொன்றில் இல்லை. பின்பக்கம் எறும்பு எழுத்தில் பால் பொடி என்று போட்டிருந்தது.

"ராதிஷா."

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் ராதிஷா. எதிரில் லாரி வந்தாலும் குரலை உயர்த்தாதவன் என்று அவனுக்கு ஊரில் பெயர்.

"என்ன?"

"இது நீ வாங்கிட்டு வந்ததா?"

"ஆமா. காலையில."

"இலை எங்க?"

"இலை போட்டது தீர்ந்துபோச்சுன்னான் கடைக்காரன். யாரோ ஒரு அம்மா பன்னெண்டு பொட்டலத்தையும் வாரிக்கிட்டுப் போயிட்டாங்களாம். அதான் இதை வாங்கினேன். அரைச்சப்புறம் எல்லாம் ஒண்ணுதானே?"

"இதுல பால் இருக்கு."

"எங்க? நான் பார்த்தேன், பொடியாத்தான் இருந்துச்சு."

நெவென்கா அவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். முதல் பொட்டலம் இலை போட்டது. அதில் செய்தது இடது தட்டு. இரண்டாவது வலது தட்டு. ஆக, முப்பத்திரண்டு சுத்தம், முப்பத்திரண்டு பால். கலந்துவிடாமல் அடையாளம் வைத்தால் போதும். இடது தட்டு உருண்டைகளின் உச்சியில் மட்டும் பாதிப் பாதி அக்ரூட்டாக ஒட்டிவைத்தாள்.

"கேட்டுக்கோ. தலையில அக்ரூட் இருக்கிறது நோன்புக்கு. இல்லாதது நோன்புக்கு ஆகாது. தொடாத. நான் கடைக்குப் போய் இலை போட்டது கிடைக்குதான்னு பார்த்துட்டு வரேன்."

ராதிஷா தலையாட்டினான். தொலைக்காட்சியில் கூடைப்பந்து ஓடிக்கொண்டிருந்தது.

நாலு கடை ஏறி இறங்கினாள். வால்யெவோவில் ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் நிக்கோலா ஸ்லாவா. இலை போட்ட எதுவுமே ஊரில் மிச்சமில்லை. நாலாவது கடைக்காரர் கொஞ்சம் இரக்கப்பட்டு, இலை போட்ட கடுகு ஒரு பாட்டில் இருக்கிறது, வேண்டுமா என்றார்.

திரும்பி வந்தபோது மேஜை மேல் கல்யாணத்துக்கு வந்த பெரிய பீங்கான் தட்டு இருந்தது. அதில் கோபுரமாக உருண்டைகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் அக்ரூட்.

"நீ பாதியிலேயே விட்டுட்டுப் போயிட்ட" என்றான் ராதிஷா. "இடைவேளையில முடிச்சு வச்சேன். ரெண்டு தட்டையும் கலந்து அடுக்கினேன். கலந்து இருந்தாத்தான் பார்க்க நல்லாயிருக்கும்."

நெவென்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"நான் போகும்போது என்ன சொன்னேன்?"

"அக்ரூட் இல்லாதது ஆகாதுன்ன. அதான் வச்சேன்."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பு இல்லை.

"சரி, நிதானம்" என்றான் அவன். "நான் வச்சது எது, நீ வச்சது எதுன்னு கண்டுபிடிச்சா முடிஞ்சுது. நான் சாக்லேட்டைக் கொஞ்சம் தாராளமா வச்சு ஒட்டினேன். அக்ரூட்டைக் கழற்றிப் பார்த்தா அடியில தெரியும்."

கழற்றிப் பார்த்தார்கள். அடியில் எதுவும் தெரியவில்லை. உருண்டைகளின் மண்டையில் ஒவ்வொரு குழி மட்டும் விழுந்திருந்தது. சமையல் தராசில் நிறுத்தார்கள். எல்லாம் இருபத்தைந்து கிராம். நெவென்காவின் கை அவளுக்கே எதிரியாகிவிட்டது. நிறுக்கும்போது எண்ணியதில் இன்னொன்று தெரிந்தது.

"அறுபத்து மூணுதான் இருக்கு."

ராதிஷா ஜன்னலைப் பார்த்தான்.

"ராதிஷா."

"தட்டுல இடம் பத்தல."

"நாம நோன்புல இருக்கோம்."

"அது பால் இல்லாததாவும் இருக்கலாமே. பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு."

அந்த வாக்கியத்தில்தான் அவளுக்கு வழி புலப்பட்டது. தின்று பார்க்க வேண்டும். அடியில் கத்தியால் ஒரு துணுக்குச் சீவி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி சாக்லேட்டில் ஒற்றி எடுத்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் யார் தின்பது? நோன்பில் இருக்கிற அவள் வாயில் பால் படக் கூடாது. ராதிஷா இருபது வருஷமாகப் புகைப்பவன். அவன் நாக்குக்குப் பாலும் பெட்ரோலும் ஒன்று. நோன்பே இல்லாத, நாக்கு மட்டும் கூர்மையான ஓர் ஆள் வேண்டும்.

அப்படி ஓர் ஆள் சரியாகக் கீழ்வீட்டில் இருந்தார்.

மூன்றாம் மாடி மிலுதின் ஊர்ப் பால்பண்ணையில் முப்பத்தோரு வருஷம் தரம் பார்த்தவர். ஒரு வாய் குடித்துவிட்டு, எந்தக் கிராமத்துப் பால், பசு நேற்று என்ன தின்றது என்று சொல்லக்கூடியவர். அதே பண்ணையில் கட்சிக் கிளைச் செயலாளராகவும் இருந்தவர். கட்சி போய் முப்பது வருஷம் ஆகியும் கதவில் 'தோழர் மிலுதின்' என்ற பெயர்ப்பலகையைக் கழற்றவில்லை. பாதிரியார் வீடுகளுக்குப் புனித நீர் தெளிக்க வரும் நாளில் கதவைத் திறக்க மாட்டார். மனைவி இறந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை தோறும் தூண்டிலை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் மீன் பிடிக்கப் போவார். பதினோரு வருஷத்தில் ஒரு மீன்கூடக் கொண்டு வந்ததில்லை. கட்டடம் முழுவதும் அதைச் சொல்லிச் சிரிக்கும்.

நெவென்கா கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதுக்கு என்னை ஏன் கூப்பிடறீங்க, நெவென்காம்மா?"

"உங்களுக்குத்தான் நோன்பு கிடையாதே, தோழரே."

"யார் சொன்னது?"

"ஊரே சொல்லுது."

மிலுதின் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் துடைத்தார். "ஊர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். பிறகு, "எத்தனை?"

"அறுபத்து மூணு."

அவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்தார். "ரெண்டாம் மாடியில அந்தப் பல் டாக்டர் இருக்காரே. அவருக்கும் நோன்பு கிடையாதுன்னு நினைக்கிறேன்."

"அவருக்கு உங்க நாக்கு கிடையாது."

"நாக்கு எல்லாருக்கும்தான் இருக்கு."

"தோழரே, நாளைக்கு அந்தத் தட்டுல ஒண்ணு தப்பாப் போனா, எங்க மாமியார் படத்தைக் கழற்றி பெர்ஸிதா வீட்டு ஆணியில மாட்டிடுவாங்க. உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. போன வருஷம் உங்க பென்ஷன் கவர் தப்பான ஊருக்குப் போனப்போ, மூணு நாள் தேடி எடுத்துக் கொடுத்தேன்."

பேரத்தில் கடைசியாக எடுக்க வேண்டிய காசை அவள் எடுத்து வைத்துவிட்டாள். மிலுதின் எழுந்து மேலே வந்தார்.

முதலில் மோப்பத்திலேயே கண்டுபிடிக்கலாம் என்றார். இருபது நிமிஷம் ஒவ்வொன்றாக மூக்கருகில் பிடித்துப் பார்த்தார். ரம் வாசனைதான் வந்தது. அதுவும் நல்ல ரம் இல்லை என்றார். நெவென்கா கத்தியை நீட்டினாள்.

"ஒரு கிண்ணம் கொடுங்க" என்றார் மிலுதின்.

"எதுக்கு?"

"துப்பறதுக்கு. பண்ணையில அப்படித்தான் செய்வோம். வாயில வச்சுட்டுத் துப்பிடுவோம். முழுங்க மாட்டோம்."

நெவென்காவின் முகம் மாறியது. "ஸ்லாவாப் பலகாரத்தைத் துப்புவீங்களா? இந்த வீட்டுல? இந்தப் படத்துக்கு முன்னாடியா?"

"அது தொழில் முறைம்மா."

"உங்களுக்குச் சாமி இல்லாம இருக்கலாம், தோழரே. எங்களுக்கு இருக்காரு. முழுங்குங்க."

மிலுதின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு சுவரைக் காட்டினார்.

"அப்ப அந்தப் படத்தையாவது கொஞ்சம் திருப்பி வைங்க."

"ஏன்?"

"பார்த்துக்கிட்டே இருக்காரு. வேலை ஓடாது."

ராதிஷா சிரித்தான். "தோழருக்குக் கூச்சத்தைப் பாரு." நாற்காலி போட்டு ஏறி, புனிதரைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினான்.

வேலை தொடங்கியது. நெவென்கா சீவிக் கொடுத்தாள். மிலுதின் ஒவ்வொரு துணுக்கையும் வாயில் போடுமுன் கண்ணை மூடி உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார். எண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு மென்றார். "இல்ல" என்றால் ராதிஷா அதை இடது தட்டில் வைத்தான். "பால்" என்றால் வலது தட்டில். பால் என்று சொன்ன ஒவ்வொரு முறையும் மிலுதின் ஒரு விரலை மடக்கிக்கொண்டார். நடுவில் தண்ணீர் குடித்து வாயைக் கொப்பளித்தார். நெவென்கா தபால் நிலையத்துப் படிவத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள்.

"பால்."

"கொஞ்சம்தானே?"

"பால்ல கொஞ்சம்னு ஒண்ணும் கிடையாதும்மா. ஒண்ணு இருக்கும், இல்லேன்னா இருக்காது."

பதினேழாவது பாலில் அவர் நெற்றி வியர்த்திருந்தது. டிசம்பரில் வியர்ப்பது சர்க்கரையால் என்றான் ராதிஷா. முப்பத்திரண்டாவது பால் வந்ததும் மிலுதின் அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி மேஜை மேல் வைத்தார்.

"போதும். மிச்சம் எதுலயும் இருக்காது."

நெவென்கா எண்ணிப் பார்த்தாள். வலது தட்டில் முப்பத்திரண்டு, மீதி முப்பத்தொன்று.

"அப்ப நான் தின்னது பால் இல்லாதது" என்றான் ராதிஷா. "என் நோன்பு பிழைச்சுது."

மிலுதின் அவனை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை.

நெவென்கா உருண்டைகளின் அடியையும் மண்டையையும் மீதிச் சாக்லேட்டில் ஒற்றி, நல்ல முப்பத்தொன்றில் மட்டும் அக்ரூட் வைத்தாள். வலது தட்டை இனி வீட்டில் வைத்திருக்க அவளுக்குப் பயம். ராதிஷாவுக்கு இன்னும் ஓர் இடைவேளை கிடைத்தால் போதும். அதைத் தூக்கி மிலுதின் கையில் கொடுத்தாள்.

"இது உங்களுக்கு, தோழரே. முப்பத்திரண்டும்."

"எனக்கா?"

"நோன்பு இல்லாத வீடுன்னு எனக்குத் தெரிஞ்சது உங்க வீடுதான். ராத்திரிக்குள்ள தீர்த்துடுங்க. உங்களுக்கென்ன."

"ஆமா" என்றார் மிலுதின். "எனக்கென்ன." தட்டைச் சீனிப் பாகு தளும்புகிற பாத்திரம்போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, படி பார்த்துப் பார்த்து இறங்கிப் போனார்.

மறுநாள் காலை, மீன் மசாலாவில் ஊறிக்கொண்டிருந்தபோது நெவென்கா பால்கனிக்கு வந்து கீழே பார்த்தாள். மூன்றாம் மாடி பால்கனியில் அவளுடைய தட்டு. மேலே பழைய கட்சிப் பத்திரிகை ஒன்றைப் போர்த்தி, நாலு மூலையிலும் கல் வைத்திருந்தது. பத்திரிகை மேட்டின் உயரத்தைப் பார்த்தால் ஒன்றுகூட எடுத்த மாதிரி இல்லை.

"பிடிக்கல போலிருக்கு" என்றாள். மனசு கொஞ்சம் சுருங்கியது.

"ஆளு காலையிலேயே தூண்டிலோட போயிட்டாரு" என்றான் ராதிஷா. "ஞாயிற்றுக்கிழமைகூட இல்ல. குப்பை போடப் போனப்போ பார்த்தேன். மூஞ்சி நல்லா இல்ல."

"அத்தனை துணுக்கு தின்னா யாருக்குத்தான் நல்லாயிருக்கும்."

ஒரு மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மெழுகுவத்தி ஏற்றி, கோதுமைப் பொங்கலை ஒவ்வொருவரும் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். தேஸான்கா படத்துக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள். படம் இப்போது மறுபடி அறைப்பக்கம் முகம் திரும்பி, ஆனால் கொஞ்சம் சாய்ந்து தொங்கியது. பெர்ஸிதா அவள் பக்கத்தில் பெரிய கைப்பையோடு உட்கார்ந்தாள். மூலையில் தேஸான்காவின் ஒன்றுவிட்ட தங்கை ஸ்தமேனா. ஊருக்கு வெளியே மலையடி மடத்துக் கோயிலில் மெழுகுவத்தி விற்பவள். காலை வழிபாட்டை முடித்துவிட்டு நேராக பஸ் பிடித்து வந்திருந்தாள். பேசுவதைவிடச் சாப்பிடுவதில் நாட்டம் அதிகம்.

மீன் முடிந்து பீங்கான் தட்டு வந்தது. ஆளுக்கு ஒன்று என்று நெவென்கா தானே பரிமாறினாள். தேஸான்கா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கடித்தாள். மென்றாள். பேச்சு நின்றது. அவள் மென்றுகொண்டே இருந்தாள்.

"கை சரியாத்தான் இருக்கு" என்றாள் கடைசியில்.

நெவென்கா மூச்சு விட்டாள். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் பெர்ஸிதா பாதி கடித்த உருண்டையைத் தட்டில் வைத்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இதுல பால் இருக்கு."

"இல்ல."

"இருக்கு. நாக்கு சொல்றதை விடுங்க. நேத்துக் கடையில மச்சான் வாங்கின பொட்டலத்தை நான் பார்த்தேன். ரொட்டி அலமாரிக்குப் பின்னாடிதான் நின்னுக்கிட்டிருந்தேன். பச்சை இலை இல்ல."

"நீயா?" என்றான் ராதிஷா. "அப்ப அந்தப் பன்னெண்டு பொட்டலம் அம்மா நீதானா?"

"விக்கிற பொருளை வாங்கினேன். அதுக்கு என்ன இப்ப?"

"உன் வீட்டுல ஸ்லாவா இல்லையே. பன்னெண்டு எதுக்கு?" என்றாள் தேஸான்கா.

"வரப்போகுதுல்ல, அத்தை. அடுத்த வருஷத்துக்கு."

தேஸான்கா அதை அப்புறம் விசாரிப்பதற்காக எடுத்து வைத்துக்கொண்டு மூத்த மருமகளைப் பார்த்தாள். "இலை இல்லாத பொட்டலம் இந்த வீட்டுக்குள்ள வந்துச்சா, இல்லையா?"

பொய் சொல்லலாம்தான். ஆனால் சுவரில் அவர் இருந்தார். நெவென்கா எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு பொட்டலம், அக்ரூட், கூடைப்பந்து, கத்தி. குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த தபால் படிவத்தைக் கொண்டு வந்து கோடுகளைக் காட்டினாள்.

"ஒவ்வொண்ணையும் தின்னு பார்த்துப் பிரிச்சது, அத்தை. பால் உள்ள முப்பத்திரண்டும் வீட்டை விட்டுப் போயாச்சு. மேஜையில இருக்கிறது எல்லாம் சுத்தம்."

"யார் தின்னு பார்த்தது?"

"கீழ்வீட்டு மிலுதின்."

அறையில் யாரோ தும்மியது கேட்டது. பெர்ஸிதா மெல்லச் சிரித்தாள்.

"எந்த மிலுதின்? பால்பண்ணைக் கட்சிக்காரனா?" என்றாள் தேஸான்கா. "பாதிரியார் வந்தா கதவைச் சாத்தறவனா? என் புனிதரோட பலகாரம் சுத்தம்னு சொல்றதுக்கு ஊருல உனக்குக் கிடைச்ச சாட்சி அவனா?"

"அவர் நாக்கு பொய் சொல்லாது, அத்தை."

"நாக்கு சொல்லாது. ஆள் சொல்லுவான். நாம நோன்பை முறிச்சா அவனுக்கு என்ன நஷ்டம்? இருக்கிற பாலை இல்லைன்னு சொல்லிட்டு, கீழ உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டிருப்பான். பயம் இல்லாதவன் எடை போட்டா தராசு எப்படி நிக்கும்?"

நியாயமான கேள்விதான். தேஸான்கா எழுந்தாள். பெர்ஸிதா கைப்பையைத் திறந்து, படத்தைச் சுற்றுவதற்கென்றே கொண்டு வந்திருந்த புதுத் துண்டை எடுத்து மடிமேல் விரித்தாள். தேஸான்காவின் இரண்டு கையும் படத்தின் சட்டத்தைப் பிடித்தன.

மூலையில் ஸ்தமேனா தன் உருண்டையை விழுங்கி முடித்தாள்.

"எந்த மிலுதின்?" என்றாள். "தூண்டில் மிலுதினா?"

"அவர்தான்" என்றான் ராதிஷா. "மீனே பிடிக்கத் தெரியாதவர்."

"அவர் எங்க மீன் பிடிக்கறாரு? பதினோரு வருஷமாத் தூண்டிலை என் மெழுகுவத்திக் கடையில சாத்தி வச்சிட்டு, கோயிலுக்குள்ள போய் நிக்கறாரு. ஒரு நோன்பு விட்டதில்ல. இன்னைக்குத்தான் நற்கருணைக்கு வராம வாசல்லயே நின்னாரு. 'நேத்து வாயில பால் பட்டுடுச்சு சாமி'ன்னாரு. 'ஒரு துளிக்கு என்ன, வாங்க'ன்னு பாதிரியாரே நற்கருணைக் கரண்டியை நீட்டினாரு. 'ஒரு துளி இல்ல சாமி, முப்பத்திரண்டு'ன்னு சொல்லிட்டு, தூண்டிலை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

தேஸான்கா சட்டத்திலிருந்து கையை எடுக்காமல் ஸ்தமேனாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சாய்ந்திருந்த படத்தை நேராக்கிவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தாள். "இன்னொண்ணு கொடு" என்றாள் நெவென்காவிடம். பெர்ஸிதா துண்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு நெவென்கா அந்தப் படிவத்தை மேஜை மேல் வைத்து, தபால் நிலையத்தில் நாள் முடிக்கிற வழக்கப்படி கணக்கை முடித்தாள். விருந்தாளிகள், இருபத்து நான்கு. பெர்ஸிதா கடித்து வைத்தது, ஒன்று. தட்டில் மிச்சம், ஐந்து. மாமியார் கேட்டு வாங்கியது, ஒன்று. ராதிஷா, ஒன்று. மூன்றாம் மாடி பால்கனியில் பத்திரிகைக்கு அடியில், நோன்பு முடியும் வரை, முப்பத்திரண்டு. ஆக அறுபத்து நான்கு.

கீழே கோடு போட்டு இன்னொரு வரி எழுதினாள். மிலுதினுக்குத் தர வேண்டியது: கோயிலில் விட்டுப்போன ஒரு கரண்டி.